கட்டிலும் பாயும்: தமிழ்க் கவிதை போற்றிய மென்மை

அரசர் வாழ்ந்த மாடங்கள் மண்ணாயின. அவற்றுள் இடப்பெற்ற கட்டில்களும் அணைகளும் திரைகளும் செல்லரித்தும் தீக்கிரையாகியும் மறைந்தன. கல்லும் செம்பும் காலத்தை எதிர்த்து நிற்கும்; மரமும் தந்தமும் துணியும் தூவியும் நில்லா. ஆகவே பண்டைத் தமிழர் தம் இல்லங்களை எத்தகைய மென்பொருள்களால் அழகுசெய்தனர் என்பதை அறிய அகழ்வாய்வைக் காட்டிலும் இலக்கியமே பெருந்துணையாகின்றது. தச்சன் செய்த கட்டில் அழிந்தது. புலவன் செய்த கட்டில் நிலைத்தது.

அவ்வாறு நிலைத்த கட்டில்களுள் தலையாயது நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் பாண்டியமாதேவியின் கட்டிலாகும். 188 அடிகளையுடைய இப்பாட்டைத் தன்னகத்தே கொண்ட பத்துப்பாட்டு, உ. வே. சாமிநாதையரால் 1889ஆம் ஆண்டு நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. நக்கீரர் கட்டிலைப் பாண்டில் என்கிறார். பாண்டில் வட்டத்தைக் குறிக்கும் சொல்லாதலின் வட்டக்கட்டில் எனப் பொருள் கொள்வர். நாற்பது ஆண்டு நிரம்பிப் போரிட்டு வீழ்ந்த யானையின் கொம்பினைச் செதுக்கி, கூரிய உளியால் இலைத்தொழில் செய்து இடையே பொருத்தி, குடம்போல் திரண்ட கால்களை அமைத்து அக்கட்டில் இயற்றப்பட்டது. முத்துக்கோத்த சாலரங்கள் அதனைச் சூழத் தொங்கின. புலியின் வரிபோன்ற கோலமுடைய தகடு மேலே தைக்கப்பட்டது. அதன்மேல் சாயமூட்டிய பலநிற மயிர் பரப்பி, சிங்கம் வேட்டையாடும் காட்சியும் முல்லைப்பூக்களும் தோன்ற அமைத்தனர். அதற்கும் மேலே, துணையோடு கூடிய அன்னத்தின் தூவியாலான இணையணை. அதற்கும் மேலே, கஞ்சியிட்டு வெளுத்த துகில்.

தந்தத்தின் வழவழப்பு, முத்தின் குளிர்ச்சி, மயிரின் செறிவு, தூவியின் நொய்ம்மை, கஞ்சித்துகிலின் மொரமொரப்பு எனத் தீண்டுணர்வின் வேறுபாடுகள் யாவும் அடுக்கடுக்காக இங்கே வைக்கப்பட்டுள்ளன. கண்ணால் மட்டும் கண்டு எழுதியவர்க்கு இவ்வரிசை வாய்க்காது. கைத்தொழில் வல்லாரின் வினைமுறையை அருகிருந்து அறிந்த புலமை இது. முதலில் கால், பின்னர்ச் சட்டம், பின்னர் மெத்தை, இறுதியில் விரிப்பு என்று கட்டில் உருவான முறையிலேயே பாட்டும் நடக்கின்றது.

இத்துணைச் செல்வத்தையும் அடுக்கிய புலவர், அதன்மேல் யாரை இருத்துகின்றார் என்பதே நோக்கத்தக்கது. முத்தாரம் கிடந்த மார்பில் இப்பொழுது மங்கலநாண் மட்டுமே தொங்குகின்றது. உடுத்த துகிலில் மாசு ஏறியுள்ளது. வண்ணம் தீட்டப்பெறாத ஓவியம்போல் அரசி கிடக்கின்றாள். மேலே மெழுகு வழித்த விதானத்தில் திங்களும் அதனைப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டுள்ளன. அதனை நோக்கிப் பெருமூச்செறிந்து, கடைக்கண்ணில் திரண்ட நீரை விரலால் தெறிக்கின்றாள். அன்னத்தின் தூவி துணைபுணர்ந்த பறவையினது. அதன்மேற் படுத்தவளோ துணையற்றவள். அதே நள்ளிரவில் அரசன் பாசறையில் உறங்காது, வாடைக்காற்றில் விளக்குகள் அசைய, புண்பட்ட வீரரைக் கண்டு திரிகின்றான். ஆகவே இக்கட்டில் செல்வத்தின் விளம்பரம் அன்று; பிரிவின் அளவுகோல். மெத்தை எவ்வளவு மென்மையோ அவ்வளவு துயரம்.

யானைக்கொம்பின் கதை பிற்காலத்தும் தொடர்கின்றது. ஆண்டாள் திருப்பாவையின் பத்தொன்பதாம் பாசுரத்தில் கண்ணன் துயில்வது யானைக்கொம்பாற் செய்த கால்களையுடைய கட்டிலின் மீது. அக்கொம்பு, கண்ணன் போரிட்டு வீழ்த்திய குவலயாபீடம் என்னும் யானையினது என்று வியாக்கியானம் கூறும். பஞ்சசயனம் என்பதற்கு அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை என்னும் ஐந்து பண்புகளையும் உடைய படுக்கை என்று பொருள் உரைப்பர். ஒரு மெத்தைக்கு வேண்டிய இலக்கணத்தை இவ்வளவு சுருக்கமாக வகுத்துரைத்தல் அரிது. போரில் வீழ்ந்த யானையே இரு கட்டிலுக்கும் கால் தந்தது என்பது தற்செயலன்று. வீரத்தின் எச்சமே வீட்டின் அணியாதல் வேண்டும் என்னும் பழைய எண்ணம் அதில் உள்ளது. இன்றோ யானைத்தந்தத்தின் பன்னாட்டு வாணிகம் 1989ஆம் ஆண்டின் உடன்பாட்டால் தடுக்கப்பட்டுவிட்டது. அக்கட்டில் இனிக் கவிதையில் மட்டுமே இருக்கும்; இருத்தலும் தகும்.

கவிஞர்க்கே உரிய கட்டில் ஒன்றும் நம் இலக்கியத்தில் உண்டு. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில், வீரமுரசு நீராட்டுக்குச் சென்றிருந்த வேளையில், அதற்குரிய கட்டில் வெறிதே கிடந்தது. எண்ணெயின் நுரையை முகந்து வைத்தாற்போன்று மென்மையான பூக்கள் அதன்மீது பரப்பப்பட்டிருந்தன. வழிநடந்து களைத்த மோசிகீரனார் அதன் சிறப்பறியாது ஏறி உறங்கிவிட்டார். முரசுகட்டிலில் ஏறியவரை இருகூறாக்குவதே முறை. அரசனோ வாளை விடுத்துத் தன் வலிய தோளால் கவரி வீசி நின்றான். விழித்த புலவர், வெட்டாது விட்ட அச்செயலொன்றே நீ தமிழை முழுதும் அறிந்தாய் என்பதற்குச் சான்று என்னும் பொருள்படப் பாடினார். புறநானூற்றின் 50ஆம் பாட்டு அது. அரசின் மறத்துக்குரிய மென்மை ஒருநாள் தமிழுக்கு இடம் தந்தது. தந்ததனாலேயே அரசனும் நின்றான், கட்டிலும் நின்றது.

இவையெல்லாம் அரண்மனைக் கட்டில்கள். இல்லத்தின் எளிய இருக்கையைப் போற்றியவர் இளங்கோவடிகள். மனையறம்படுத்த காதையில் கண்ணகியும் கோவலனும், தேவதச்சனாகிய மயனே செய்தானோ என்று வியக்கத்தக்க, மணிகள் இழைத்த கால்களையுடைய அமளியில் வீற்றிருக்கின்றனர். புகாரின் செல்வம் முழுதும் அதில் ஒளிர்கின்றது. கொலைக்களக் காதையிலோ காட்சி மாறுகின்றது. மதுரையில், ஆயர்குல மாதரி தந்த சிறுமனையில், பனையின் வெண்ணிற ஓலையால் கைவல்லாள் ஒருத்தி அழகுற முடைந்த தவிசில் கோவலன் அமர்கின்றான். கண்ணகி அவன் அடியைக் கழுவி, நிலத்தில் நீர்தெளித்து, வாழையின் குருத்திலை விரித்துத் தன் கையால் சமைத்ததைப் படைக்கின்றாள். அதுவே அவர்தம் கடைசி உணவு.

மணிக்கால் அமளியைச் செய்தவனுக்கு உவமையாகத் தெய்வத்தச்சன் வந்தான்; ஓலைத்தவிசை முடைந்தவளுக்கோ உவமை இல்லை, கைத்திறம் மட்டுமே உண்டு. ஆயினும் அடிகள் அவளை மறந்தாரல்லர். பெயரறியாத ஒரு பெண்ணின் கைவினையை, காப்பியத் தலைவனின் இறுதி இருக்கையாக ஆக்கி அழியாமற் காத்தார். புகாரில் தொடங்கிய இல்லறம் மதுரையில் ஒரு தவிசளவு சுருங்கியது. சுருங்கிய பின்னரே அது நிறைந்தது.

அக்கைத்திறம் காப்பியத்தோடு முடிந்துவிடவில்லை. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, பட்டுப்போல் குழையும் பாய்கள் நெய்யப்படுகின்றன. 1953ஆம் ஆண்டு இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டுக்கு அவ்வூர்ப்பாய் பரிசாகச் சென்றது. அரசியின் பெயரை உலகம் அறியும். பாயை நெய்த விரல்களின் பெயரை அறிந்தோர் சிலரே.

நக்கீரரும் இளங்கோவும் இக்குறையைத் தம்மால் இயன்றவரை நிறைத்தனர். மென்மையான பொருளைக் கண்டபோது அதன் விலையை அவர்கள் எழுதவில்லை. அதனைச் செய்த கையையும், அதன்மேல் அமர்ந்த நெஞ்சையும் எழுதினர். தந்தமும் தூவியும் போயின. உளியின் கூர்மையும், விரலால் தெறித்த கண்ணீரும், ஓலை முடைந்த கையும் இன்றும் தமிழில் உள்ளன. கவிதை இல்லத்துக்கு இடும் அணி அதுவே.