வான் நைஸில் விழுந்த அடி

1991 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸின் டிரம் வாடகைக் கடை ஒன்றிலிருந்து ஒரு ஸ்னேர் டிரம், வான் நைஸ் பகுதியில் இருந்த சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவுக்குப் போனது. கடையின் பெயர் டிரம் டாக்டர்ஸ். நடத்தியவர் ராஸ் கார்ஃபீல்ட். ஸ்னேர், ஜப்பானின் டாமா நிறுவனம் செய்த பெல் பிராஸ் வகை: 14 அங்குல விட்டம், ஆறரை அங்குல ஆழம், வார்த்தெடுத்த கனமான உலோக உடல். அதற்குக் கடையில் ‘டெர்மினேட்டர்’ என்று செல்லப்பெயர். அடித்தால் அறையையே உலுக்கும் என்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகவே இருந்தது.

அதை அடிக்க வந்தவர் டேவ் குரோல். வயது 22. நிர்வாணா குழுவில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. குரோல் மணிக்கட்டால் வாசிப்பவர் அல்ல. தோளிலிருந்து இறங்கும் அடி அவருடையது. டிரம்மின் தோல்கள் சீக்கிரமே தளர்ந்துபோகும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

அந்த அடி குச்சியிலிருந்து புறப்பட்டு உலகத்தின் காதுக்கு வந்து சேர்ந்த வழியைப் பின்தொடர்ந்து போக விரும்புகிறேன். நேரில் வாசித்துப் பதிந்த டிரம்ஸோடு, முன்பே சேமித்து வைத்த அடிகளை, அதாவது சாம்பிள்களை, மிக்ஸிங்கில் கலப்பதைப் பற்றி இசைக்காரர்களிடம் எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு. அது ஏமாற்று என்பது ஒன்று. அது இல்லாமல் இன்று டிரம்ஸே கேட்காது என்பது இன்னொன்று. சவுண்ட் சிட்டியில் நிர்வாணா பதிந்த ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தின் ஸ்னேர் இந்த இரண்டு கட்சியிலும் சேராது.

சவுண்ட் சிட்டியில் பகட்டாக எதுவும் இருக்கவில்லை. பழைய கம்பளம், பழைய சுவர், எங்கும் அழுக்கு. ஆனால் இரண்டு செல்வங்கள் இருந்தன. ஒன்று, 1973-இல் வாங்கிய நீவ் 8028 மிக்ஸிங் கன்சோல். இன்னொன்று, டிரம்ஸுக்கென்றே பிறந்ததுபோல அமைந்துவிட்ட அந்தப் பெரிய அறை. யாரும் கணக்குப் போட்டு அப்படிக் கட்டவில்லை. தயாரிப்பாளர் புட்ச் விக், அந்த அறையைக் கேட்கவே மைக்குகளைத் தள்ளித் தள்ளி வைத்தார்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்னேர் அடி ஒரே ஒலியாகப் பதிவாவதில்லை. தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் மைக், குச்சி பட்ட ‘டக்’கை முதலில் கேட்கிறது. டிரம்மரின் தலைக்கு மேலே தொங்கும் மைக்குகள் அதே அடியைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கின்றன. ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர்தான் போகும். ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் மூன்று மில்லிசெகண்ட் தாமதம். அறையின் கோடியில் இருக்கும் மைக், சுவரில் மோதித் திரும்பிய முழக்கத்தோடு சேர்த்துக் கேட்கிறது. அத்தனையும் தனித்தனி டிராக்குகளாக டேப்பில் ஏறுகின்றன. குரோலின் ஒரே அடி, பல வயதுள்ள பல அடிகளாகப் பிரிந்துவிட்டது. மிக்ஸிங் என்பது அவற்றை மறுபடி ஒன்றாக்கும் வேலை.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்னேருக்கு வைத்த மைக் ஸ்னேரை மட்டும் கேட்பதில்லை. ஒரு முழம் தள்ளி, சிம்பல் ஜோடியான ஹை-ஹாட் இருக்கிறது. மேலே சிம்பல்கள் இருக்கின்றன. குரோலைப் போல வாசிப்பவர் ஹை-ஹாட்டையும் பாதி திறந்து வைத்து அதே பலத்தோடு அடிப்பார். எனவே ஸ்னேர் டிராக்கைத் தனியாகப் போட்டாலும் அதில் ‘ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்னேரின் கூர்மையை உயர்த்தினால் அந்த இரைச்சலும் உயரும். ஸ்னேருக்கு ரிவெர்ப், அதாவது செயற்கை முழக்கம், கொடுத்தால் ஹை-ஹாட்டும் கூடவே ரிவெர்ப்பில் நனைந்து, பாட்டு முழுவதும் பனிமூட்டம் போலப் பரவும். பதிவு செய்த டிரம்ஸை மிக்ஸ் செய்யும் எவருக்கும் இதுதான் தினசரிப் போராட்டம்.

விக் முதலில் தானே மிக்ஸ் செய்தார், டெவன்ஷயர் ஸ்டுடியோவில். குழுவுக்கும் இசை நிறுவனத்துக்கும் அது நிறைவு தரவில்லை. நிறுவனத்தின் சார்பில் கேரி கெர்ஷ், மிக்ஸிங் செய்பவர்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். குழுவின் பாடகர் கர்ட் கோபேன் அதில் ஆண்டி வாலஸைத் தேர்ந்தெடுத்தார். ஸ்லேயர் குழுவின் ஆல்பத்தில் வேலை செய்தவர் என்பதே காரணம். கோபேனுக்கு வேண்டியிருந்தது கனம். ஆனால் வாலஸுக்கு இன்னொரு வரலாறும் இருந்தது. ஏரோஸ்மித்தோடு சேர்ந்து ரன்-டிஎம்சி 1986-இல் வெளியிட்ட ‘வாக் திஸ் வே’ பாட்டை மிக்ஸ் செய்தவரும் அவர்தான். டிரம் மெஷினும் சாம்பிளும் அன்றாடக் கருவியாகப் புழங்கிய உலகத்திலிருந்து வந்தவர். அந்த அறிவு இல்லாமல் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

சாம்பிள் அதற்குள் பத்து வருடம் நடந்து வந்திருந்தது. ஸ்டீலி டான் குழுவின் டொனால்ட் ஃபேகனும் வால்டர் பெக்கரும் தாளத்தில் மயிரிழை பிசகையும் பொறுக்காதவர்கள். உலகின் தலைசிறந்த டிரம்மர்களை வைத்துப் பதிந்தும் அவர்களுக்குப் போதவில்லை. அவர்களுடைய ஒலிப்பதிவாளர் ரோஜர் நிக்கோல்ஸ், ‘வெண்டல்’ என்று ஒரு கருவியைக் கட்டினார். மனிதர் அடித்த அடிகளை எண்களாகச் சேமித்து, வேண்டிய கணத்தில் திரும்ப ஒலிக்கச் செய்தது அது. 1980-இல் வந்த ‘கௌச்சோ’ ஆல்பத்தில் அதன் வேலையைக் கேட்கலாம். அதே ஆண்டு ரோஜர் லின், எல்எம்-1 டிரம் மெஷினைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 5,000 டாலர் விலை. உண்மையான டிரம்ஸைப் பதிந்து சில்லுகளில் அடைத்த கருவி. அதில் கிக் டிரம் இருந்தது, ஸ்னேர் இருந்தது, கைதட்டல்கூட இருந்தது. பெரிய சிம்பல்கள் மட்டும் இல்லை. சிம்பலின் ஒலி பல நொடிகள் நீளும். அதை அடைக்கத் தேவையான நினைவகம் அன்று அவ்வளவு விலை.

இந்தக் குறைக்குள் ஒரு பாடம் ஒளிந்திருந்தது. ஸ்னேரும் கிக்கும் சட்டென்று பிறந்து சட்டென்று முடிபவை. சாம்பிளுக்கு எளிதாக அகப்படும். சிம்பலும் அறையும் அப்படி அல்ல. அவை மனிதர் வாசித்த அந்தக் கணத்தோடு ஒட்டியவை. எண்பதுகளின் பல மிக்ஸர்கள் இந்த எளிமையில் மயங்கினார்கள். டேப்பில் இருக்கும் ஸ்னேரை ஒரு கருவிக்குள் அனுப்பினால், ஒவ்வொரு அடிக்கும் அது ஒரு சாம்பிளை ஒலிக்கும். அப்புறம் அசல் ஸ்னேரை அணைத்துவிடலாம். வாசித்தவர் யாராக இருந்தாலும் ஒலி ஒன்றே. அந்தக் காலத்து ராக் ஆல்பங்கள் பலவற்றில் டிரம்மரின் கை எங்கே போனது என்று தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

வாலஸ் அதைச் செய்யவில்லை. ஸ்க்ரீம் ஸ்டுடியோவில் அவர் ‘நெவர்மைண்ட்’ டேப்புகளைத் திறந்தபோது குரோலின் அடி ஏற்கெனவே முழுமையாக இருந்தது. தேவைப்பட்டது, அந்த அடியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் இடம். சாம்பிள்களைப் பெரும்பாலும் ரிவெர்ப்பை இயக்கத்தான் பயன்படுத்தினேன் என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். முறை இதுதான்: டேப்பில் ஸ்னேர் விழும் ஒவ்வொரு முறையும் ஒரு சாம்பிளும் பிறக்கிறது. அந்தச் சாம்பிளில் ஹை-ஹாட் இல்லை, சிம்பல் இல்லை, வெறும் ஸ்னேர். அது ரிவெர்ப்புக்குள் போகிறது. அங்கிருந்து வெளியே வருவது முழக்கம் மட்டும். அந்த முழக்கத்தைக் குரோலின் அசல் அடியோடு சேர்க்கிறார். குச்சி பட்ட ஒலி மனிதருடையது, அதைச் சூழ்ந்த வெளி சாம்பிளின் வழியாக வந்தது. ஹை-ஹாட்டின் ‘ஸ்ஸ்’ எங்கும் நனையாமல் காய்ந்தே நிற்கிறது.

இதை நான் மிக்ஸிங் கலையின் மிகச் சிறந்த தீர்வுகளில் ஒன்றாக வைப்பேன். குறை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் சாம்பிளைக் கொண்டு போயிருக்கிறார். குறை இல்லாத இடத்தில் தொடவில்லை.

ஆல்பம் 1991 செப்டம்பர் 24 அன்று வந்தது. அமெரிக்காவில் முதலில் அனுப்பிய பிரதிகள் சுமார் 46,000. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தைத் தள்ளிவிட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடம் ஏறியது. எல்லோருக்கும் பிடித்தபோது கோபேனுக்குப் பிடிக்காமல் போனது. பங்க் ஆல்பம் மாதிரி இல்லை, மெருகு அதிகம் என்று குறைபட்டார். அடுத்த ஆல்பமான ‘இன் யூட்டரோ’வை 1993 பிப்ரவரியில் மினசோட்டாவின் பேக்கிடெர்ம் ஸ்டுடியோவில் ஸ்டீவ் ஆல்பினியிடம் பதியக் கொடுத்தார்கள். ஆல்பினி செயற்கை அலங்காரத்தை வெறுத்தவர். டிரம்ஸைச் சுற்றி அறை முழுக்க மைக்குகளை வைத்து அறையையே பதிந்தார். அதே குரோல், அதே தோள், வேறு உலகம். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், ஆல்பினியின் டிரம்ஸ் எனக்கு நெருக்கமானது. ஆனால் அதற்காக வாலஸின் வேலையைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆல்பினி பதியும்போதே மிக்ஸை மனதில் வைத்திருந்தார். வாலஸுக்குக் கிடைத்தது இன்னொருவர் பதிந்து முடித்த டேப். இரண்டும் வேறு வேறு பணிகள்.

அதன்பின் சாம்பிள் இன்னும் வேகமாக ஓடியது. கணினிக்குள் டிரமகாக் என்ற மென்பொருள் வந்தது, ஸ்டீவன் ஸ்லேட்டின் டிரிகர் வந்தது. தனிக் கருவிகள் செய்த வேலையை இன்று ஒரு மடிக்கணினி செய்கிறது. எளிதானதால் பிழைகளும் பெருகின.

முதல் பிழை நேரத்தில். சாம்பிள் அசல் அடிக்கு இரண்டரை மில்லிசெகண்ட் பிந்தினால், 200 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்னேரின் உடல்கட்டு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கனம் கூட்டப் போட்ட சாம்பிளே கனத்தைத் தின்றுவிடும். அதனால் இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்து ஒரே இடத்தில் தொடங்க வைக்க வேண்டும். அசலின் அலை முதலில் மேல்நோக்கி எழுந்தால் சாம்பிளும் மேல்நோக்கியே எழ வேண்டும். தலைகீழாக இருந்தால் ஃபேஸ் பொத்தானைத் தட்டிக் கேட்டுப் பார்க்க வேண்டும். எது நெஞ்சில் இடிக்கிறதோ அதுதான் சரி.

இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. டிரம்மர் ஒருவர் பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேரில் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே போவார். கோஸ்ட் நோட் என்று சொல்வார்கள். பாட்டு நகர்வது இவற்றால்தான். சாம்பிளை ஒலிக்கச் செய்யும் மென்பொருளுக்கு ஓர் அளவு வைத்திருப்போம்: இதற்கு மேல் பலமாக விழுந்தால்தான் அடி. கோஸ்ட் நோட்டுகள் அந்த அளவுக்குக் கீழே போய்விடும். அல்லது மென்பொருள் அவற்றையும் பிடித்து முழுப் பலத்தோடு இடிக்கும். இரண்டாவது நேர்ந்தால் டிரம்மர் செத்தார் என்று அர்த்தம். கோஸ்ட் நோட்டுகளை அசல் டிராக்கிடமே விட்டுவிடுங்கள். சாம்பிள் பெரிய அடிகளோடு மட்டும் நிற்கட்டும். பெரிய அடிகளிலும் ஒரே சாம்பிளைத் திரும்பத் திரும்ப ஒலிக்காதீர்கள். மனிதர் ஒருவர் இரண்டு முறை ஒரே மாதிரி அடிப்பதில்லை, காதுக்கு அது உடனே தெரியும். ஒரே ஸ்னேரின் பல அடிகள், பல பலங்களில், மாறி மாறி வர வேண்டும்.

சாம்பிள் டிராக்கின் அளவை எங்கே வைப்பது என்று கேட்பவர்களுக்கு நான் நம்பும் ஒரே சோதனை: முழுப் பாட்டு ஓடும்போது சாம்பிளை அணைத்துப் பாருங்கள். ஸ்னேர் கொஞ்சம் மெலிந்ததாகத் தோன்றினால் அளவு சரி. ஸ்னேரே காணாமல் போனால், நீங்கள் கலக்கவில்லை, மாற்றிவிட்டீர்கள்.

விலைக்குக் கிடைக்கும் சாம்பிள்களைக் குறை சொல்ல மாட்டேன். அருமையான அறைகளில், அருமையான கைகளால் பதிந்தவை அவற்றில் உண்டு. ஆனால் ஆயிரம் பாட்டுகளில் ஒரே ஸ்னேர் ஒலிப்பது இசைக்கு நல்லதல்ல. உங்கள் பாட்டுக்கு மிகச் சிறந்த சாம்பிள், அந்தப் பாட்டில் வாசித்த அதே டிரம், அதே அறை, அதே கை. சுருதி பொருந்துமா என்ற கவலை இல்லை. அறை ஒட்டுமா என்ற கவலை இல்லை.

‘நெவர்மைண்ட்’டின் இருபதாம் ஆண்டையொட்டி 2011-இல் வந்த பெரிய பதிப்பில் விக்கின் டெவன்ஷயர் மிக்ஸ்களும் இருக்கின்றன. அதில் ஒரு பாட்டையும் வாலஸ் மிக்ஸ் செய்த அதே பாட்டையும் அடுத்தடுத்து, ஸ்னேரை மட்டும் கவனித்துக் கேளுங்கள். இந்தக் கட்டுரை சொல்ல முயன்றதை அது நன்றாகவே சொல்லும்.

பிறகு, அடுத்த முறை டிரம்ஸ் பதியும்போது, கடைசி டேக் முடிந்ததும் டிரம்மரை எழ விடாதீர்கள். மைக்குகளை அசைக்க வேண்டாம். ஸ்னேரை மட்டும் ஒவ்வொன்றாக, மெல்ல ஆரம்பித்துப் பலமாக, ஒவ்வொரு அடியின் முழக்கமும் அடங்கும்வரை காத்திருந்து அடிக்கச் சொல்லிப் பதியுங்கள். கிக்குக்கும் டாம்களுக்கும் அதையே செய்யுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.