போலீஸ்காரர் மீதே புகாரா? யார் விசாரிப்பார்கள்?

திரிங்காப் சாலைத் தடுப்புச் சோதனையில் ஒரு போலீஸ்காரர் உங்களைக் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எங்கே போவீர்கள்? "பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் போடு" என்பார் அப்பா. அந்த மனிதர் வேலை செய்வதும் அதே பாலாயில் என்றால்?

இந்தக் கேள்வி நாட்டில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. 2004-ல் முன்னாள் தலைமை நீதிபதி முகமட் ஸைடின் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம், மறு ஆண்டு 125 பரிந்துரைகளைத் தந்தது. அதிகம் பேசப்பட்டது ஒன்றுதான்: போலீஸ் மீதான புகார்களை விசாரித்து, தண்டனையும் கொடுக்கக்கூடிய தனி ஆணையம், அதாவது ஐபிசிஎம்சி. அது இன்றுவரை வரவில்லை. 2019-ல் மசோதா வந்தது, நின்றது.

இடையில் 2009 ஜனவரியில், சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத் தடுப்புக்காவலில் 22 வயது அ. குகன் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடவில்லை. இரண்டாவது பரிசோதனையில் கடுமையாகத் தாக்கப்பட்டது தெரிந்தது. 2013-ல் உயர் நீதிமன்றம் 8 லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆனால் குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றது ஒரே ஒரு கான்ஸ்டபிள்தான்.

இப்போது யாரிடம் போகலாம்?

போலீஸ் படைக்குள்ளேயே 2014-ல் உருவான ஜிப்ஸ் எனும் நேர்மை, தர இணக்கத் துறை உண்டு. வெளியே, 2023 ஜூலை 1 முதல் சுயேச்சை போலீஸ் நன்னடத்தை ஆணையமான ஐபிசிசி இயங்குகிறது. கேமரன் மலையிலிருந்து கீழே இறங்கிப் போக வேண்டியதில்லை, இணையம் வழியே புகார் தரலாம். தடுப்புக்காவலில் ஒருவர் இறந்தாலோ படுகாயம் அடைந்தாலோ, போலீசே ஐபிசிசிக்குத் தெரிவித்தாக வேண்டும். நல்ல விதிதான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஐபிசிசி விசாரிக்கும், ஆனால் தண்டிக்காது. ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய விஷயத்தை போலீஸ் படை ஆணையத்துக்கு அனுப்பும். அரசமைப்புச் சட்டத்தின் 140-வது பிரிவுப்படி அதன் தலைவர் போலீசுக்குப் பொறுப்பான அமைச்சர். ஐ.ஜி.பி.யும் அதில் ஓர் உறுப்பினர். சுற்றிச் சுற்றி அதே வாசலுக்கே வந்த மாதிரி இல்லையா?

இன்னொன்று, ஐ.ஜி.பி.யின் நிலையாணைகளுக்குள் வரும் விஷயங்களைத் தவறான நடத்தையாக ஐபிசிசி விசாரிக்க முடியாது. கைது செய்யும் முறை, லாக்கப் நடைமுறை எல்லாம் அந்த ஆணைகளில் இருப்பவைதான் என்பது விமர்சகர்களின் வாதம். லாக்கப்பைப் பார்வையிடக்கூட ஆணையம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

பிரிட்டனிலும் ஐபிசிசி என்ற பெயரிலேயே ஓர் ஆணையம் இருந்தது. பல்லில்லாதது என்று விமர்சிக்கப்பட்டு, 2018-ல் ஐஓபிசி ஆனது. அதுவும் நேரடியாகத் தண்டிப்பதில்லை. ஆனால் ஒழுங்கு விசாரணை நடத்தியே ஆக வேண்டும் என்று போலீசுக்கு உத்தரவிட முடியும்.

சரி, உங்களுக்கே நடந்தால்? தேதி, நேரம், இடம், சீருடையில் உள்ள பெயர், எண், ரோந்துக் கார் எண் எல்லாவற்றையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். காயம் இருந்தால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போய் பரிசோதனை செய்து பதிவாக்குங்கள். போலீஸ் ரிப்போர்ட்டை வேறு பாலாயிலும் போடலாம். அதன் நகலை வாங்காமல் வெளியே வராதீர்கள்.