நிதி ஒதுக்கப்படவில்லை

1959-இல் நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளை. லீவு விட்டால் சந்தோஷம்; பள்ளிக்கூடமே திறக்காது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில், ஒரு சிறிய விவசாயப் பகுதியில், அரசுப் பள்ளிகள் அத்தனையும் மூடப்பட்டன. ஐந்து ஆண்டுகள் திறக்கவில்லை.

வர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி அது. கவுண்டி என்றால் சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைமையூர் ஃபார்ம்வில். அங்கே வெள்ளையருக்குத் தனிப் பள்ளி, கறுப்பருக்குத் தனிப் பள்ளி. கறுப்பர் பிள்ளைகளின் மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டியது. 1951-இல் அதில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல், தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி எல்லோரையும் திரட்டி வகுப்பைப் புறக்கணிக்க வைத்தாள். அதிலிருந்து பிறந்த வழக்கு, பிரவுன் வழக்கில் சேர்த்து விசாரிக்கப்பட்ட ஐந்தில் ஒன்று. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954 மே 17-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைக்கும்படி கோர்ட்டு நெருக்கியதும், கவுண்டி நிர்வாகக் குழு 1959-இல் பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்கவில்லை. அவ்வளவுதான், பள்ளிகள் மூடிவிட்டன. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கினார்கள். அதற்குச் சில காலம் அரசுப் பணத்திலிருந்தே கட்டண உதவியும் கிடைத்தது. கறுப்பர் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். சிலருக்குத் தேவாலயங்களில் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார்கள். பலருக்கு எதுவும் இல்லை. வசதியில்லாத சில வெள்ளையர் பிள்ளைகளும் படிப்பை இழந்தார்கள். 1963-இல் நன்கொடையில் இலவசப் பள்ளிகள் வந்தன. 1964 மே 25-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி கண்டித்த பிறகே அரசுப் பள்ளிகள் திறந்தன.

நண்பர்களே, நான் பல ஆண்டுகள் மானியக் கோப்புகள் பார்த்த குமாஸ்தா. “இவ்வாண்டு நிதி ஒதுக்கப்படவில்லை” என்று குறிப்பு எழுதி, கோப்பைக் கட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். ஐந்து வருஷம் என்பது கோப்பில் ஐந்து குறிப்புகள். ஆறு வயதில் முதல் வகுப்புக்குக் காத்திருந்த ஃபார்ம்வில் பிள்ளைக்கு, அரசுப் பள்ளி திறந்தபோது வயது பதினொன்று.

மோட்டன் பள்ளிக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். அந்தப் பிள்ளைகள் இன்று என் வயதுக்காரர்கள். நான் எழுதிய குறிப்புகளின் மறுபக்கத்தில் யார் இருந்தார்கள் என்று, ஓய்வு பெற்ற பிறகுதான் யோசிக்கிறேன்.