அறிவொளியிலிருந்து பாஷிணி வரை

முதியோர் கல்விக்கு எந்திரம் புதிதன்று. 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தது. அந்த அழகை எத்தனை முறை சொன்னாலும் நமக்கு அலுப்பதில்லை. 2000இல் எஃப்.சி. கோலியின் முயற்சியால் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம், அன்றைய ஆந்திரத்து மேடக் மாவட்டத்தில், கணினித் திரையில் முழுச் சொற்களைக் காட்டி ஏறக்குறைய 40 மணி நேரத்தில் வாசிக்கப் பழக்கியது. அம்முறை தமிழுக்கும் வந்தது. அங்கு எந்திரம் கற்பவரை எழுத்திடம் அழைத்துச் சென்றது.

2022இல் நடுவணரசு தொடங்கிய பாஷிணி முதலிய செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ பேச்சைக் கேட்டுப் பேச்சிலேயே விடை தருகின்றன. கைபேசியே படித்துக் காட்டும்போது எழுத்து எதற்கு என்பார் உளர். சுண்ணாம்புக்குளத்து மீனவர் ஒருவர் படகுக் கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்குமுன், கருவி படித்தது சரிதானா என்று எதைக்கொண்டு ஒத்துப் பார்ப்பார் என்றே நாம் கேட்கிறோம்.