சுழலும் கலனும் சுழன்ற வரலாறும்



சொற்கள் சில, தாம் குறிக்கும் பொருளின் இயல்பைத் தம் வடிவிலேயே தாங்கி நிற்பன. 'றிவோல்வர்' என்னும் ஆங்கிலச் சொல் அவற்றுள் ஒன்று. செய்தித்தாளிலும் திரைப்படத்திலும் அடிக்கடி நம் செவியில் விழும் இச்சொல்லின் பொருள் யாது? அது குறிக்கும் கருவி எவ்வாறு இயங்குகின்றது? அத்தகைய கருவியொன்று, இதே கொழும்பு மாநகரிலே, ஒரு காலை வேளையில் இந்நாட்டின் வரலாற்றை எவ்வாறு வேறு வழியில் திருப்பியது? இவற்றையே இன்றைய பேச்சில் ஆராய எண்ணுகின்றேன்.

முதலிற் சொல்லை நோக்குவோம். இலத்தீன் மொழியில் 'வொல்வெரே' என்பது உருளுதலைக் குறிக்கும் வினை. அதன் முன் 'மீண்டும்' என்னும் பொருள்தரும் 'றெ' சேர்ந்தால், மீண்டும் மீண்டும் உருளுதல், அதாவது சுழலுதல் என்னும் பொருள் பிறக்கின்றது. ஆகவே றிவோல்வர் என்றால் சுழல்வது என்பதே பொருள். தமிழில் இதனைச் சுழல்துப்பாக்கி என்பர், பொருத்தமான பெயரே. 'துப்பாக்கி' என்னும் சொல்லும் நமக்குப் புறமிருந்து வந்ததுதான். அதன் மூலம் துருக்கிய மொழியில் உள்ளது. 'பீரங்கி' என்பதோ ஐரோப்பியரைக் கீழைத் தேசத்தார் அழைத்த 'பிரங்கி' என்னும் பெயரின் வழிவந்தது. கருவியைக் கொணர்ந்தவன் பெயரே கருவிக்கும் ஆயிற்று.

சுழலுதலைக் குறிக்கும் அதே இலத்தீன் வேரிலிருந்து பிறந்த பிறிதொரு சொல்லும் உண்டு. ஆங்கிலத்தில் 'றெவலூஷன்' என வழங்கும் அதனை நாம் புரட்சி என்கிறோம். தமிழிலும் புரட்சி என்னும் சொல் 'புரள்' என்னும் வினையடியாகப் பிறந்ததே என்பது நினைக்கத்தக்கது. சுழல்துப்பாக்கியும் புரட்சியும் மொழி முறையிலே உடன்பிறப்புகள். இச்செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்க. பின்னர் அதற்கு வேலை உண்டு.

இனிக் கருவியின் கதைக்கு வருவோம். பழங்காலக் கைத்துப்பாக்கி ஒருமுறைதான் சுடும். குழலின் வாய்வழியே வெடிமருந்தை இட்டு, குண்டை இட்டு, கோலாற் கிடித்து, மீண்டும் தீமூட்ட ஆயத்தஞ் செய்யுமுன் எதிரி அருகில் வந்துவிடுவான். இக்குறையை நீக்கப் பலர் முயன்றனர். 1818ஆம் ஆண்டில் எலிஷா கொலியர் என்னும் அமெரிக்கர், பல அறைகளைக் கொண்ட உருளை பொருத்திய கைத்துப்பாக்கி ஒன்றுக்கு இங்கிலாந்தில் உரிமைப்பத்திரம் பெற்றார். ஆயின் அதன் உருளையை ஒவ்வொரு தடவையும் கையாலே திருப்ப வேண்டியிருந்தது.

சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்க இளைஞர் 1830ஆம் ஆண்டிலே பாய்க்கப்பல் ஒன்றில் வேலைக்கமர்ந்து கல்கத்தாவுக்குப் பயணஞ் செய்தார். கப்பலின் சுக்கான் சக்கரம் சுழல்வதையும், வேண்டிய இடத்தில் அதனைப் பிடித்து நிறுத்துவதையும் கண்டே தமக்கு இக்கருவியின் எண்ணம் உதித்ததென அவரைப்பற்றி ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் அமெரிக்காவிலும் அவர் உரிமைப்பத்திரம் பெற்றமை உண்மை. சுத்தியலைப் பின்னுக்கு இழுக்குங்கால் உருளை தானே திரும்பிப் பூட்டிக்கொள்ளும் அமைப்பே அவருடைய பேறு. 1851இல் இலண்டன் மாநகரின் பெருங்கண்காட்சியிலே கோல்ட் தம் துப்பாக்கிகளை வைத்தபோது, றொபேட் அடம்ஸ் என்னும் ஆங்கிலேயரும் தம் துப்பாக்கியைக் கொணர்ந்தார். விசையை ஒருமுறை இழுத்தாலே சுத்தியல் எழுந்து விழும் அமைப்பு அது. 1857இல் ஸ்மித், வெஸ்ஸன் என்னும் இருவர், மருந்தையும் குண்டையும் ஒருங்கே அடக்கிய உலோகத் தோட்டாவைப் பயன்படுத்தும் சுழல்துப்பாக்கியை விற்பனைக்கு விட்டனர். இந்த மூன்று படிகளோடு இன்றைய சுழல்துப்பாக்கியின் உருவம் பெரும்பாலும் நிறைவெய்தியது எனலாம்.

அதன் இயக்கம் இவ்வாறாகும். குழலுக்குப் பின்னே, தாமரைக் காயிலே விதைக் குழிகள் இருத்தல்போல வட்டமாக அமைந்த அறைகளையுடைய உருளை ஒன்று உண்டு. பெரும்பாலும் அறைகள் ஆறு. ஒவ்வோர் அறையிலும் ஒரு தோட்டா. விரல் விசையை இழுக்கின்றது. உள்ளிருக்கும் சிறு நெம்பு ஒன்று மேலெழுந்து, உருளையின் பின்புறத்திலுள்ள பற்களுள் ஒன்றைத் தள்ளுகின்றது. ஆறறை உருளையாயின், அது வட்டத்தில் ஆறிலொரு பங்கு திரும்பி, புதிய அறையொன்றைக் குழலுக்கு நேரே கொணர்கின்றது. உடனே ஒரு பூட்டு எழுந்து உருளையை அசையாது பிடிக்கின்றது. அதே இழுப்பிலே பின்வாங்கிய சுத்தியல் விடுபட்டு முன்னே பாய்ந்து தோட்டாவின் அடியிலுள்ள பொறிமருந்தை மோத, அதன் தீ வெடிமருந்தைப் பற்றுகின்றது. கணத்திலே பெருகும் வாயு குண்டை முன்னே தள்ளுகின்றது. குழலின் உட்புறத்தே முறுக்காக வெட்டப்பட்ட வரிப்பள்ளங்கள் குண்டையும் பம்பரம்போற் சுழலச் செய்து நேரே செலுத்துகின்றன. ஆக, உருளையும் சுழல்கிறது, குண்டும் சுழல்கிறது.

எல்லாக் கைத்துப்பாக்கியையும் றிவோல்வர் என அழைப்பது நம்மிடையே உள்ள வழக்கம். அது பிழை. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சிப் புகையிரத நிலையத்தில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் ஆஷ் என்பவரை வாஞ்சிநாதன் சுட்டது பிரவுனிங் வகைத் துப்பாக்கியினால். 1948 ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகளின் உயிரைக் கவர்ந்தது பெரெற்றா வகைத் துப்பாக்கி. இவ்விரண்டிலும் சுழலும் உருளை இல்லை. தோட்டாக்கள் கைப்பிடியினுள்ளே ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருக்கும். வெடியின் உதைப்பே வெற்றுக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை மேலேற்றும். சுழல்துப்பாக்கியோ தன் வெற்றுக் கூடுகளைத் தன்னகத்தே வைத்துக்கொள்ளும். ஆனால் இரண்டுவகைக் குழல்களும் தம் வரிப்பள்ளங்களின் கீறலைக் குண்டின்மேற் பதிக்கின்றன. உருப்பெருக்கியின் கீழே அக்கீறல்களை ஒப்பிட்டு, இன்ன குண்டு இன்ன துப்பாக்கியிலிருந்து வந்ததென நீதிமன்றிலே சான்று கூறுவது இக்காரணத்தாலேயே இயலுகின்றது.

நேயர்களே, பம்பலப்பிட்டியிலே காலி வீதியை விட்டுக் கிழக்கு நோக்கிச் சென்று கறுவாத்தோட்டத்தை அடைந்தால், றொஸ்மீட் பிளேஸ் என்னும் நிழல் அடர்ந்த தெரு உளது. அங்கே 'ரின்ராஜல்' என்னும் பெயருடைய வீட்டிலே பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க வாழ்ந்தார். 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் பெற்ற வெற்றியை ஒரு புரட்சி என்றே பலர் வருணித்தனர். பிக்குகள், சுதேச வைத்தியர், ஆசிரியர், விவசாயிகள், தொழிலாளர் ஆகிய ஐம்பெருஞ் சக்திகள் அவரை ஆட்சியில் ஏற்றின. அவ்வாண்டிலேயே சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. 1957 ஜூலை 26ஆம் நாள் செல்வநாயகம் அவர்களோடு அவர் ஒப்பந்தஞ் செய்தார். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிக்குகள் பலர் அதே றொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் புற்றரையிலே திரண்டு அமர்ந்து, ஒப்பந்தத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தினர். அன்றே அது கைவிடப்பட்டது. அடுத்த மாதம் மூண்ட கலவரமும், தலைநகர்த் தமிழர் பலர் முகாம்களில் தங்கிக் கப்பலேறி வடக்கே சென்றதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முதியோர் இன்றும் தம் வீட்டில் எடுத்துரைக்கும் செய்திகள்.

1959 செப்ரெம்பர் 25ஆம் நாள் காலை, அவ்வில்லத்தின் திண்ணையிலே வழக்கம்போல் மக்கள் காத்திருந்தனர். முறையீடு கூற வருவோரைச் சந்திப்பது பிரதமரின் நாளாந்த ஒழுங்கு. அவர்களுள் ஒருவர் தல்துவே சோமாராம என்னும் பிக்கு. அவர் கண் வைத்தியரும் ஆவார். சுதேச வைத்தியக் கல்லூரியிற் பணியாற்றியவர். காவி உடுத்த ஒருவரைச் சோதனையிடும் எண்ணம் எவருக்கும் எழவில்லை. பிரதமர் பிக்குவை வணங்கினார். அந்நிலையிலே காவியாடையின் மடிப்பிலிருந்து வெளிப்பட்டது ஒரு சுழல்துப்பாக்கி.

அது 0.45 அங்குல வெப்லி, 6ஆம் மாதிரி. பேமிங்காம் நகரத்து வெப்லி நிறுவனத்தின் துப்பாக்கியைப் பிரித்தானியப் படை 1887இல் ஏற்றது. 6ஆம் மாதிரி 1915இல், முதல் உலகப் போரின் நடுவே வந்தது. ஆறு தோட்டாக்கள் கொள்ளும். ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை. பேரரசின் போர்வீரர்க்கென வார்க்கப்பட்ட கருவி, பேரரசு நீங்கி 11 ஆண்டுகளின் பின், சுதந்திர நாட்டின் பிரதமர்மீது திரும்பியது. பழைய ஒருவெடித் துப்பாக்கியாயின் முதல் வெடியோடு கை ஓய்ந்திருக்கும். இதுவோ, விரல் மடங்குந்தோறும் ஒரு புதிய தோட்டாவை நேரே நிறுத்தித் தருவது. பிரதமரை மீண்டும் மீண்டும் குண்டுகள் தாக்கின. அருகில் நின்ற ஆசிரியர் ஒருவரும் காயமுற்றார். காவலாளி சுட்டதிற் சோமாராமவும் காயப்பட்டுப் பிடிபட்டார்.

ஐம்பெருஞ் சக்திகள் என முன்னர்க் கூறினேன். சுட்டவர் பிக்கு, அவரே சுதேச வைத்தியர். காயமுற்றவர் ஆசிரியர். தம்மை ஆட்சியில் ஏற்றிய சக்திகளுள் மூன்று அந்தத் திண்ணையிலே அவரைச் சூழ்ந்து நின்றன. சுழல்துப்பாக்கியும் புரட்சியும் ஒரே வேரின் சொற்கள் என்பதை இங்கே நினைவுகூருங்கள்.

மருத்துவமனையிலிருந்து பண்டாரநாயக்க நாட்டுக்கு ஒரு செய்தி விடுத்தார். தம்மைச் சுட்டவரிடம் இரக்கங் காட்டுமாறும், பழிவாங்க முற்படாதிருக்குமாறும் அதிலே கேட்டுக்கொண்டார். மறுநாட் காலை, செப்ரெம்பர் 26ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது.

பின்னர் நிகழ்ந்தது அவ்வேண்டுகோளுக்கு மாறானது. அவருடைய அரசாங்கமே 1958ஆம் ஆண்டின் சட்டத்தினால் மரண தண்டனையை இடைநிறுத்தியிருந்தது. ஆராய்வதற்கென நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவும் அந்நிறுத்தம் தொடரலாம் என்றே கருதியது. ஆயின் கொலையால் எழுந்த சினத்திலே, 1959 டிசெம்பரிற் பாராளுமன்றம் மரண தண்டனையை மீண்டும் கொணர்ந்தது. முன்னர் நடந்த கொலைக்கும் அது செல்லுபடியாகுமாறு செய்தது. 1961இல் நீதியரசர் ரி. எஸ். பெர்னாண்டோ முன்னிலையில் நடந்த விசாரணையிற் களனி விகாராதிபதி புத்தரக்கித, எச். பி. ஜயவர்த்தன, சோமாராம ஆகிய மூவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு மரண தண்டனை பெற்றனர். 1956 தேர்தலிற் பண்டாரநாயக்கவுக்காக முன்னின்று உழைத்தவர் புத்தரக்கித. தாம் எதிர்பார்த்த வாணிப நலன்கள் கைகூடாமையே பகைக்கு ஒரு காரணம் என வழக்குத் தொடுநர் வாதிட்டனர்.

இங்கே சட்டத்தின் வாசகம் தன் வேலையைச் செய்தது. விரைந்து ஆக்கப்பட்ட அச்சட்டம், முன்னர் நடந்த கொலையைக் குறிப்பிட்டதேயன்றிக் கொலைக்கான சதியைக் குறிப்பிடத் தவறியது. ஆகவே, மேன்முறையீட்டு மன்றம் சதிக்குற்றவாளிகள் இருவரின் தண்டனையை ஆயுட் சிறையாக மாற்றியது. சோமாராம 1962 ஜூலை 6ஆம் நாள் வெலிக்கடையிலே தூக்கிலிடப்பட்டார். விசையை இழுத்த விரலுக்கு ஒரு தண்டனை; அவ்விரலை ஏவியோருக்கு வேறொரு தண்டனை. பழிவாங்க வேண்டாம் என்ற சொல்லுக்கும் செவிசாய்க்கப்படவில்லை. பழிவாங்கும் நோக்கமும் முழுமையாக நிறைவேறவில்லை. இந்நாட்டிற் கடைசியாக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976இல்.

அரசியலிலும் சக்கரம் சுழன்றது. டபிள்யூ. தகநாயக்க பிரதமரானார். 1960ஆம் ஆண்டில் இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்தன. அவ்வாண்டு ஜூலையிற் கணவரின் இடத்திற்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க, உலகின் முதற் பெண் பிரதமர் என்னும் பெயர் பெற்றார்.

தமிழ் நேயர்க்கு இதிலே தனிப்பட்ட ஒரு வினா உண்டு. ஒப்பந்தம் கைவிடப்பட்ட பின்னரும், 1958 ஓகஸ்டிலே தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தைப் பண்டாரநாயக்க நிறைவேற்றியிருந்தார். அச்சட்டத்தை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் அவர் வாழ்நாளில் வரவில்லை. 1966ஆம் ஆண்டிலேதான் வந்தன. அவர் வாழ்ந்திருப்பின் அவற்றைச் செய்திருப்பாரா, மீண்டும் ஒருமுறை புற்றரையில் அமர்ந்தோர்க்கு இணங்கியிருப்பாரா? மாணவர் இவ்வினாவை எழுப்பும்போது, வரலாறு கற்பிக்கும் எம்மனோர் ஆம் என்றோ அன்று என்றோ கூறுதல் தகாது. ஆயினும் ஒன்று கூறலாம். ஒருவர் உயிரோடிருக்கும்வரை அவரிடம் வாதிடலாம், குறை கூறலாம், அவர் கொடுத்த வாக்கை நினைவூட்டலாம். அவரை ஆதரித்தோருக்கும் எதிர்த்தோருக்கும் அவ்வழி திறந்தே இருந்தது. அன்று காலை அத்திண்ணையிலே காத்திருந்தவர்களும் அதற்காகவே வந்தவர்கள். தம் குறையைச் சொல்வதற்கு. குண்டு அவர்கள் எல்லோருடைய முறையீட்டையும் ஒருங்கே முடித்துவிட்டது.

சுழல்துப்பாக்கியின் உருளை ஆறு முறை திரும்பினால், தொடங்கிய இடத்திற்கே வந்து நிற்கும். வெற்றுக் கூடுகளை உதிர்த்துவிட்டுப் புதியன இடலாம். நாடு அவ்வாறு பழைய இடத்திற்குத் திரும்புவதில்லை. 1959 செப்ரெம்பர் 25ஆம் நாளுக்கு முன்னிருந்த இலங்கைக்கு அதன்பின் எவராலும் திரும்ப முடியவில்லை.