மோடம் வழிக் கோப்புப் பரிமாற்றம்

தொலைபேசிக் கம்பியின் இரு முனைகளிலும் மோடம் பொருத்தி, ஒரு கணினியில் இருக்கும் கோப்பை இன்னொரு கணினிக்கு அனுப்பும் முறை இது. கணினியின் மின்குறிகளைக் குரல் செல்லும் அலைவரிசைக்குள் அடங்கும் ஒலியாக்குவதும், வந்த ஒலியை மறுபடி மின்குறிகளாக்குவதும் மோடத்தின் வேலை. அனுப்புவது டாஸ், பெறுவது யூனிக்ஸ் அல்லது மெக்கின்டாஷ் என்றால், வந்து சேர்ந்த பைட்டுகளுக்கு என்ன பொருள் என்பதை மென்பொருள்கள் தமக்குள் முன்பே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். கம்பி நன்றாக இருந்தும் கோப்புகள் கெட்டுப்போனது இந்த உடன்பாடு இல்லாத இடங்களில்தான். தமிழ்க் கோப்புகள் அதில் கூடுதலாக அடிபட்டன.

இயங்குதளங்களின் வேறுபாடுகள்

ஒரு வரி முடிந்தது என்பதை டாஸ் இரண்டு குறிகளால் (13, 10) காட்டும். யூனிக்ஸ் 10 மட்டும் இடும். பழைய மெக்கின்டாஷ் 13 மட்டும் இடும். மாற்றாமல் அனுப்பினால் பக்கம் முழுவதும் ஒரே வரியாகும், அல்லது வரிகள் படிக்கட்டுபோல் சரியும். படத்தையும் நிரலையும் அனுப்பும்போது இதே மாற்றத்தைச் செய்தால் கோப்பு பாழாகும். அதனால்தான் அனுப்பும் மென்பொருள்களில் உரை, இருமம் என இரு நிலைகள் இருந்தன.

மெக்கின்டாஷில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் கோப்புக்குத் தரவுக் கிளை, வளக் கிளை என இரண்டு பகுதிகள். அக்கால மெக்கின்டாஷ் எழுத்துருக்கள் முழுக்க வளக் கிளையிலேயே இருந்தன. மெக்பைனரி (1985) போன்ற உறையில் இடாமல் அனுப்பினால் பெயர் மட்டும் வந்து சேரும். உள்ளே ஒரு பைட்டும் இருக்காது.

நெறிமுறைகள்

வார்ட் கிறிஸ்டென்சன் 1977-இல் எழுதிய எக்ஸ்மோடம் கோப்பை 128 பைட் துண்டுகளாக்கி, துண்டுக்கு ஒரு கூட்டுத்தொகையைச் சேர்த்து அனுப்பியது. தொகை பொருந்தாவிட்டால் பெறும் கணினி அந்தத் துண்டை மறுபடி கேட்கும். சக் ஃபோர்ஸ்பெர்க் 1986-இல் உருவாக்கிய இசட்மோடம் அறுந்த இடத்திலிருந்தே தொடர வழிசெய்தது. இரைச்சலும் துண்டிப்பும் மிகுந்த கம்பிகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இயங்குதளங்களுக்கு இடையிலான பரிமாற்றத்தில் முதலிடம் கெர்மிட்டுக்கே உரியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பெரிய கணினியில் கிடைத்த இடம் போதவில்லை. கோப்புகளைச் சிறு கணினியின் ஃபிளாப்பிக்கு இறக்கிக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. ஃபிராங்க் டா குரூஸும் பில் கேச்சிங்ஸும் 1981-இல் அதை வகுத்தார்கள். உரைக்கோப்பை அனுப்பும் கெர்மிட் முதலில் அதை ஒரு பொது வடிவத்துக்கு மாற்றும். பெறும் கெர்மிட் அதைத் தன் ஊர் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஆக, எந்தக் கணினியும் எதிர்முனையின் இயல்பை அறியத் தேவையில்லை. ஏழு பிட் மட்டுமே கடத்தும் இணைப்பிலும், எட்டாவது பிட் 1 ஆக உள்ள பைட்டுக்கு முன் ஓர் அடையாளக்குறி வைத்து அது கோப்பைக் காப்பாற்றியது. வேகம் குறைவு என்று அதைக் குறை சொன்னவர்கள் உண்டு. வேறுபட்ட இரு கணினிகளுக்கிடையே பழுதின்றிக் கொண்டுசேர்ப்பதுதான் அதன் நோக்கம், அதை நிறைவேற்றியது.

இந்தியாவிலும் கரிசல் வட்டாரத்திலும்

1986-இல் தொடங்கிய கல்வி, ஆய்வு வலையமைப்பான எர்நெட், சென்னை ஐஐடி முதலான நிறுவனங்களை இணைத்தது. அதன் தொடக்கக் கால மின்னஞ்சல் மோடம் வழியே, யூனிக்ஸ் கணினிகள் தமக்குள் கோப்பு கடத்தும் யூயூசிபி முறையில் சென்றது. பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று இணையச் சேவையைத் திறந்தது. ஷெல் கணக்கு வைத்திருந்தவரின் மேசையில் இருந்தது டாஸ் அல்லது விண்டோஸ். எதிர்முனையில் இருந்தது யூனிக்ஸ். ஒரு கோப்பு வேண்டுமென்றால் முதலில் அதை யூனிக்ஸ் கணக்குக்கு வரவழைத்து, பிறகு இசட்மோடம் கொண்டு வீட்டுக் கணினிக்கு இறக்க வேண்டும்.

கரிசல் வட்டாரத்து அருப்புக்கோட்டையிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கி.மீ. தொடக்கத்தில் சேவை பெருநகரங்களில் மட்டுமே இருந்ததால், இங்கிருந்து இணைவது எஸ்டிடி என்னும் வெளியூர் அழைப்பாகவே அமையும். ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. 1.44 எம்பி ஃபிளாப்பி ஒன்றின் உள்ளடக்கம் நொடிக்கு 9,600 பிட் வேகத்தில், துண்டிப்பே இல்லாவிட்டாலும், 25 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 2,400 பிட் வேகத்தில் ஒன்றே முக்கால் மணி நேரத்தை நெருங்கும். அந்த நேரத்துக்குள் ஃபிளாப்பியைப் பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கே பேருந்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். இதற்கெல்லாம் முதலில் ஊரில் தொலைபேசி வேண்டும். குளிரூட்டல் இல்லாமல் வெயிலைத் தாங்கும்படி அரசின் சி-டாட் ஆய்வு மையம் வடிவமைத்து, 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவிய 128 முனைச் சிற்றிணைப்பகம் இந்தியச் சிற்றூர்களுக்குத் தொலைபேசியைக் கொண்டுவந்த கருவிகளில் முதன்மையானது. அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழி போன்ற வறண்ட நிலத்து ஊர்களுக்கும் பொருந்தும் பொறியியல் அது.

தமிழ்க் கோப்புகள்

டிஸ்கி போன்ற எட்டு பிட் குறியேற்றங்களில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு, மேல் 128 தமிழுக்கு. டிஸ்கியில் ‘க’ 184, ‘அ’ 171. ஏழு பிட் இணைப்பு எட்டாவது பிட்டை உதிர்த்தால் 184 என்பது 56 ஆகி, ‘க’ இருந்த இடத்தில் எண் 8 நிற்கும். ‘அ’ கூட்டல் குறியாகும். ஆங்கில உரைக்கு ஒரு கீறலும் விழாத அதே இணைப்பில் தமிழ் முழுவதும் அழியும். யூயூஎன்கோடு முறையில் மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கி அனுப்பினால் தப்பலாம். ஆனால் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருக்கும், கட்டணமும் கூடும். மெக்கின்டாஷ் மென்பொருள்கள் வேறு வகையில் கெடுத்தன: மேல் இடங்களில் உள்ளவை ஐரோப்பிய எழுத்துகள் என்று கருதி, ‘உதவியாக’ விண்டோஸ் வரிசைக்கு மாற்றி, தமிழைக் கலைத்துப்போட்டன.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இந்தச் சூழலில்தான் தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கியது. அதை ஒருங்கிணைத்தவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம். பல நாட்டுத் தன்னார்வலர்கள் தட்டச்சும் மெய்ப்பும் செய்த அத்தொகுப்பில் சுந்தரரின் ஏழாம் திருமுறையும் உண்டு. அதன் 82ஆம் பதிகம் திருச்சுழியலுக்கு, அதாவது மேலே சொன்ன திருச்சுழிக்கு, உரியது. எந்த இயங்குதளத்திலும் படிக்க ஒரே குறியேற்றம் வேண்டும் என்ற தேவையே, மின்னஞ்சலில் கூடி விவாதித்த தமிழர்களை டிஸ்கிக்கு இட்டுச்சென்றது. ஊதியமின்றி அவர்கள் செய்த அந்த வேலைக்குத் தமிழ்க் கணிமை வரலாற்றில் இன்னும் உரிய இடம் தரப்படவில்லை. பின்னர் திட்டம் யூனிகோடுக்கு மாறியது. யூடிஎஃப்-8 வடிவில் ‘க’ மூன்று பைட்; மூன்றுமே 127-க்கு மேற்பட்டவை என்பதால் ஏழு பிட் இணைப்பு இதையும் அழிக்கும்.

அக்காலத்து ஃபிளாப்பிகளில் உள்ள கோப்புகளை மீட்போர் முதலில் இரும நிலையில் அப்படியே படியெடுத்துக்கொள்ள வேண்டும். டிஸ்கியா, தமிழக அரசு 1999-இல் அறிவித்த தாப் முறையா, ஓர் எழுத்துருவுக்கே உரிய தனிக் குறியேற்றமா என்பதை உறுதிசெய்த பிறகே யூனிகோடுக்கு மாற்றலாம். வரி முடிவைத் திருத்துவது கடைசி வேலை.