முதல் பர்ஃபெக்ட் கேம் யாருடையது?

பேஸ்பாலில் பர்ஃபெக்ட் கேம்னா இதுதான்: எதிரணியின் 27 பேட்டர்களும் வரிசையாக அவுட். ஒருத்தர்கூட முதல் பேஸில் நிற்கக்கூடாது. பெரிய லீக் ஆட்டத்தில் இது முதன்முதலாக நடந்தது 1880 ஜூன் 12. வூஸ்டர் அணியின் இடதுகை வீரர் லீ ரிச்மண்ட், கிளீவ்லாந்தை 1-0 என்று மடக்கினார். அப்போ அவர் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்!

"அந்தக் காலத்தில் சுலபம்தானே" என்று சிலர் சொல்வதுண்டு. பாதி உண்மை. பந்து வீசிய தூரம் 45 அடிதான். இன்று 60 அடி 6 அங்குலம். எட்டு பந்து தப்பாகப் போனால்தான் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம். இன்று நாலே போதும்.

ஆனா மறுபக்கத்தையும் பாருங்க. கை இடுப்புக்கு மேலே போகாமல் வீசணும். பந்து உயரமாக வேணுமா, தாழ்வாகவா என்று பேட்டரே கேட்டு வாங்கலாம். எல்லாத்துக்கும் மேல, ஃபீல்டர்களில் பெரும்பாலானோர் கையில் கிளவுஸே கிடையாது. வெறுங்கையில் ஒரு பிழை நடந்தாலும் சாதனை போச்சு.

அன்று அது கிட்டத்தட்டப் போயிருக்கும். கிளீவ்லாந்தின் பில் பிலிப்ஸ் வலப்பக்கம் அடித்த பந்து, பார்த்தால் உறுதியான ஹிட். லான் நைட் ஓடிவந்து எடுத்து, நேராக முதல் பேஸுக்கே எறிந்து அவுட்டாக்கினார்.

ஐந்தே நாளில் பிராவிடன்ஸின் ஜான் வார்டும் இதையே செய்தார். அதன்பின் நேஷனல் லீக் 1964 வரை, 84 வருஷம் காத்திருந்தது. பட்டியலில் ரிச்மண்ட் பெயர் மட்டும்தான். என் கணக்கில் நைட்டுக்கும் அதில் பங்கு உண்டு.